ஒரு விசிலுக்கு ஒரு எழுத்து

ஏப்ரல் 12, சனி. கள்ளக்குறிச்சி

வெயில். மலையிலிருந்து மத்தியானம் இறங்கியதும் அடுப்பு வாயில் முகத்தைக் காட்டிய மாதிரி. வாரம் முழுக்க வெள்ளிமலைக் காற்றில் இருந்துவிட்டு வருகிறவளுக்கு இந்த ஊர் வேர்த்துக் கொட்டத்தான் செய்யும். ஆனாலும் இந்த ஒன்றரை நாளுக்காகத்தான் மீதி வாரமே.

வாங்க வேண்டியது: யாழிக்குச் செருப்பு (வார் அறுந்துவிட்டது). இவருக்குப் பனியன். கொசுவத்தி. ஒரு சின்னத் தலையணை.

தலையணை யாருக்கு என்று சாந்தி அண்ணி கேட்டார். இவருடைய அக்கா. நான் மலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி பார்க்கும் ஐந்தரை நாளும் யாழியைக் குளிப்பாட்டிச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்வது அவர்தான். சும்மா என்று மழுப்பிவிட்டேன்.

நாலு மணிக்கு யாழியோடு, படிப்பு சிரமப்படுகிற பிள்ளைகளுக்கான பயிற்சி மையம். இவர் வரவில்லை. "நீயே போய்ட்டு வந்துடு மலரு, எனக்கு அந்த மாதிரி எடம்லாம் ஒத்து வராது" என்று காலையிலேயே கழன்றுகொண்டார். என்ன இடம் அது, பல் பிடுங்குகிற இடமா?

கலா மிஸ் தரையில் உட்கார்ந்து படங்களைப் பரப்பினார். "பல்லி மாதிரியே ஆரம்பிக்கிற வார்த்தை எது கண்ணு? பந்தா, மரமா?" யாழி நன்றாக யோசித்துவிட்டு, "மரம். பல்லி மரத்துல ஏறும். பந்து ஏறாது" என்றாள். மிஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண், காது எல்லாம் போன மாதமே பார்த்தாயிற்று, சுத்தம். பேச்சு ஊர்ப் பேச்சு. ஒரு கதையை ஒரு தடவை கேட்டால் வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். ஆனால் நேற்றுச் சொல்லிக் கொடுத்த எழுத்து இன்றைக்கு அவளுக்குப் புத்தம் புதுசு. யு.கே.ஜி. டீச்சர், "இன்னொரு வருஷம் இங்கயே இருக்கட்டும்" என்கிறார்.

கலா மிஸ் சொன்னது: "இன்னும் ஆறு வயசு ஆகல. இப்பவே டிஸ்லெக்சியான்னு பேர் வைக்க மாட்டேன். ரெண்டாவது படிக்கிற வயசுலதான் உறுதியா சொல்ல முடியும். ஆனா அறிகுறி இருக்கு. பேர் வர்ற வரைக்கும் கைய கட்டிக்கிட்டு உக்காரத் தேவையில்ல. இவளுக்கு எழுத்துக்கு முன்னாடி சத்தம் பிடிபடணும். தினமும் கொஞ்ச நேரம். வெளையாட்டா. ஒரே ஆள். கோவப்படாம."

கோவப்படாம என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார். என் முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

வீட்டில் வேறு யாருக்காவது படிப்பு இப்படிச் சிரமமாக இருந்ததா என்று கேட்டார். இல்லை மிஸ், நான் நர்சிங், அவர் பத்தாவது பாஸ், அரசு பஸ் கண்டக்டர் என்று நிமிர்ந்து சொன்னேன்.

திரும்ப யு.கே.ஜி. வேண்டாமாம். அதையே இன்னொரு வருஷம் பாடுவதில் லாபமில்லை, ஒன்றாவது சேருங்கள், ஆனால் வீட்டில் கூடவே ஒரு ஆள் வேண்டும் என்றார்.

ஆள் நான் இருக்கிறேனே. ஜூனில் மலைக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். க்வார்ட்டர்ஸ் வாசலிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் தெரிகிறது. தினமும் என் பக்கத்தில் படுப்பாள். அதற்குத்தான் தலையணை.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் கறி எடுத்து வந்தார் இவர். குழம்பு வைத்துவிட்டு யாழியோடு உட்கார்ந்தேன். ப என்றால் பந்து, பல்லி, பழம். ம என்றால் மரம், மயில். கேட்டுக்கொண்டாள். திருப்பிக் கேட்டால் மயிலுக்குப் ப என்கிறாள். அடுத்த தடவை என் வாயைப் பார்த்து ஊகிக்கிறாள். அதற்கடுத்து கூரையைப் பார்க்கிறாள்.

"எத்தினி வாட்டிடி சொல்றது?" என்று சிலேட்டுப் பலகையைத் தரையில் ஓங்கி வைத்தேன். ஓரம் உடைந்தது. அவள் அழவில்லை. எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள்.

குனிந்து கூப்பிட்டேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு கேள்வி. "அம்மா, நீ நாளைக்கு எத்தினி மணி பஸ்ஸுக்குப் போவ?"

எப்போதும் நான் போகிறேன் என்றால் புடவையைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை.

கறிக்குழம்பு நன்றாக இருந்ததாம். எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய். வெள்ளிமலை

மத்தியானம் ஒரு மழை. மலை முழுக்கப் பலாப்பழ வாசனை. ஓ.பி.யில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஒரு தேள்கடி. ஒரு பிரசவம், பெண் குழந்தை. அந்தத் தாய்க்காரி குழந்தையை மோந்துகொண்டே இருந்தாள். நானும் டிரிப் மாற்றுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.

நேற்று இவருக்கு நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். கட்டிலுக்கு அடியில் அவள் கேட்டதையும், நாம் மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருந்து எத்தனை நாளாயிற்று என்பதையும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் வரும். ஏறி நின்று அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம். எப்போதும் இதே கட்டைவிரல்தான். எட்டு வருஷம் வாழ்ந்த மனுஷனுக்குப் பெண்டாட்டிக்கு நாலு வரி எழுத மனசு வரவில்லை.

சாயங்கால பஸ்ஸில் வந்தார். இவருடைய வண்டி தினமும் சாயங்காலம் இங்கே வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பும். எங்கள் குடும்பம் நடப்பது அந்த இடைவெளியில், டீக்கடை பெஞ்சில். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மலரு, பேச மாட்டியா?"

"மெசேஜ் படிச்சீங்களா?"

"பாத்தேன்."

"பாத்தீங்க. சரி."

டீயை ஊதிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவளுக்கு லீவு வுட்டுட்டாங்க. நாளையிலேர்ந்து சாயங்கால ட்ரிப்புல கூட்டிக்கினு வரட்டா? அரை டிக்கெட் போட்டு முன் சீட்டுல குந்த வெச்சிக்கிறேன். வண்டி நிக்கிற நேரம் நீ பாத்துக்க, திருப்பி நான் கூட்டிக்கினு போறேன்" என்றார்.

படித்திருக்கிறார்தான் போல. வாயைத் திறந்து சொன்னால் என்ன?

ஏப்ரல் 22, செவ்வாய்

மூடுபனி. துணி காயவில்லை.

தினமும் வருகிறாள். வளைவு திரும்பும்போதே முன் கண்ணாடியில் அவள் தலை தெரிகிறது. ரிப்பன் ஒரு பக்கம், முடி ஒரு பக்கம். இறங்கி ஓடி வருகிறாள். வழியில் வாந்தி எடுத்தால் அதையும் பெருமையாகச் சொல்கிறாள்.

விசில் விளையாட்டு யார் கண்டுபிடித்தது என்று இன்னும் சண்டை. இவர்தான். மிஸ் கையைத் தட்டச் சொன்ன இடத்தில் இவர் விசிலைக் கொடுத்துவிட்டார். வார்த்தையைத் துண்டு துண்டாகச் சொல்லி, துண்டுக்கு ஒரு விசில். பல்-லி, ரெண்டு. வழியில் வரும் க-ரி-யா-லூர், நாலு. கைதட்டலுக்கு எழுந்து வராத பிள்ளை விசிலுக்கு வந்துவிட்டது.

இன்றைக்கு வழியில் நடந்ததை டிரைவர் ஏழுமலை அண்ணன் இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார். கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இவள் 'பூ' என்று சொல்லி ஒரே ஒரு விசில் அடித்திருக்கிறாள். ஒரு விசில் என்றால் நிறுத்து. அண்ணன் நிறுத்திவிட்டார். யாரும் இறங்கவில்லை. ஏறவும் ஆளில்லை. சுற்றிலும் காடு.

"யாரும்மா எறங்கறதுன்னு கேட்டா, 'பூ'ன்றா நர்சம்மா. பூ எறங்குதாம். வண்டியே சிரிச்சிக்கினு கெடக்குது. இனிமே மலைல வெளையாட்டு வேணாம் முருகா, நின்னப்புறம் வெச்சிக்க." கடைசி வரி இவருக்கு.

மலை ஏறும்போது விசிலைப் பிடுங்கி வைப்பது என்று முடிவு.

டீக்கடை பெஞ்சில் என் மடியில் உட்கார்ந்து அவளே கண்டுபிடித்தது: "யாழிக்கு ரெண்டு. அம்மாக்கும் ரெண்டு. வண்டி கெளம்பறதுக்கும் ரெண்டு." சொல்லிவிட்டு ரெண்டு அடித்தாள். ஏழுமலை அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வண்டி போன பிறகு இந்த மலை எத்தனை அமைதி. நல்ல இடம்தான், காற்று நல்ல காற்றுதான். எனக்கு ஆகவில்லை.

ஏப்ரல் 30, புதன்

சந்தோஷம். எழுதிவிட வேண்டும்.

யாழி படிக்கிறாள். பஸ் முன்னால் மாட்டியிருக்கும் தகர போர்டில் விரலை வைத்து, "வெள்-ளி-ம-லை" என்று. திரும்புகிற போர்டில், "கள்-ளக்-கு-றிச்-சி". இவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான் நம்பவில்லை. நேற்றுக் கண்ணால் பார்த்தேன். டீக்கடைக்காரர் ஒரு முறுக்கு கொடுத்தார்.

இன்று காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டுவிட்டேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் நல்ல மாதிரி. "கூட்டிக்கிட்டு வாங்க சிஸ்டர்" என்றார். க்வார்ட்டர்ஸில் ஜன்னல் பக்கம் ஒழித்து, பாய் போட்டு, தலையணைக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டேன். பாத்திரம் கழுவும்போது பாட்டு வந்தது. எத்தனை நாளாயிற்று.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். ஜூனில் மேலே கூட்டி வந்துவிடுகிறேன், சனிக்கிழமை கீழே வரும்போது மிஸ்ஸிடம் காட்டிக்கொள்ளலாம். இவர் டிக்கெட் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அப்ப நான் வூட்டுக்குப் போயி யாரப் பாக்கறது?"

மூன்று வருஷமாக இந்த மலையில் நான் யாரைப் பார்த்தேன்?

"வேணாம்னு சொல்லல. நீ படிச்சவ. நீ வெச்சிக்கினாதான் அவளுக்கு நல்லது" என்றார். ரெண்டு விசில் அடித்துவிட்டு ஏறிக்கொண்டார்.

மே 14, புதன்

கத்திரி வெயில் மலை வரைக்கும் ஏறிவிட்டது. காலையில் தடுப்பூசி நாள். பிள்ளைகள் அழுது தீர்த்தன.

சாயங்கால பஸ் தாமதம். வந்து நின்றதும் யாழி ஓடி வரவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். இவர் முகம் செத்திருந்தது. விபத்தோ என்று வண்டியைச் சுற்றிப் பார்த்தேன்.

நடந்தது இது. டிப்போவில் போர்டுகளுக்கெல்லாம் புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முன்பு வெள்ளிமலைக்குச் சிவப்பு எழுத்து, சங்கராபுரத்துக்கு நீலம். இப்போது எல்லாமே மஞ்சளில் கறுப்பு. இவர் அவசரத்தில் சங்கராபுரம் போர்டை எடுத்து மாட்டிவிட்டார். சங்கராபுரம் போகிற ஜனம் ஏறி உட்கார்ந்துவிட்டது. மலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மூட்டையோடு கீழேயே நின்றுவிட்டார்கள். வண்டி கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பியதும் ஒருவர் எழுந்து, "இன்னா கண்டக்டரே, சங்கராபுரம்னு போட்டுட்டு இந்தப் பக்கம் போய்க்கினுகீறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அதற்கு முன் சீட்டிலிருந்து இவள் எழுந்து நின்று, "வெள்ளிமலைன்னுதான் போட்டுக்குது. நான் படிச்சேன்" என்றாளாம்.

பஸ்ஸே சிரித்ததாம். அவள் அதற்குப் பிறகு வழியில் வாயே திறக்கவில்லை.

அப்பா வண்டி வெள்ளிமலை வண்டி. அதனால் போர்டில் இருப்பது வெள்ளிமலை. திரும்பும்போது கள்ளக்குறிச்சி. அவள் ஒரு நாளும் எழுத்தைப் பார்க்கவில்லை. நான் பாய் விரித்து, உறை தைத்து, பாட்டுப் பாடி. சே.

"போர்டு மாட்டறப்ப ஒரு வாட்டி பாக்கக் கூடாதா? கண்ணு எங்க இருந்துச்சு?" என்று இவர் மேல் பாய்ந்தேன். ஏழுமலை அண்ணன் யாழியைக் கூட்டிக்கொண்டு கடைப் பக்கம் போய்விட்டார்.

இவர் பெஞ்சில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துத்தான் பேசினார்.

"எழுத்த பாத்து மாட்டல மலரு. எப்பவுமே கலருதான்."

"இன்னாங்க சொல்றீங்க?"

"எனக்கு எழுத்து நிக்காது. ஒண்ணொண்ணா கூட்டினா வரும். அவசரத்துல வராது. மெஷின்ல நம்பரு, அது பிரச்சின இல்ல. ஸ்டாப்புலாம் மனப்பாடம். பத்தாவது எழுதி எழுதி தான் பாஸ் பண்ணேன்." முழங்கைத் தழும்பைக் காட்டினார். "வேலி கிழிச்சிதுன்னு சொன்னேன் இல்ல? வாத்தியாரு ஸ்கேல்ல அடிச்சது. படிக்கச் சொன்னாரு, நிக்கிறேன், நிக்கிறேன், வாய்ல ஒண்ணும் வரல. எனக்கு எவனும் குந்தி சொல்லிக் குடுக்கல மலரு. மக்குன்னுட்டு வுட்டுட்டானுங்க."

"என் மெசேஜ்?"

"நீ நீட்டா எழுதிடற. ரெண்டு வரி கூட்டறதுக்குள்ள அடுத்த ஸ்டாப்பு வந்துடுது. ராவுல குந்தி கொஞ்சம் கொஞ்சமா படிப்பேன். பாதி புரியும். அக்காகிட்ட குடுத்து படிக்கச் சொல்லலாம்னா, நீ எழுதறது அக்காகிட்ட குடுக்கற மாதிரியா இருக்குது?"

கல்யாணப் பத்திரிகை வந்தால் "நீயே படி" என்பார். மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டுவார். சோம்பேறி என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன். அந்தப் பாறை மேல் ஏறி ஏறி நான் அனுப்பியதெல்லாம் இந்த மனுஷனிடம் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வண்டி கிளம்பும் நேரம். கையைப் பிடித்துக்கொண்டேன். ஜனம் பார்த்தது. பார்க்கட்டும்.

மே 17, சனி. கள்ளக்குறிச்சி

வெயிலைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது.

இவர் இன்று மையத்துக்கு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி. கலா மிஸ்ஸிடம் அவரே சொன்னார், போர்டு, ஸ்கேல் அடி எல்லாம். என்னைச் சொல்ல வைக்கவில்லை. மிஸ், "இது குடும்பத்துல வரக்கூடியதுதான் சார். அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். இவர் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மிஸ் சொன்னார்.

போர்டு விஷயத்துக்கு மிஸ் அதிர்ச்சி அடையவில்லை. போர்டைப் படம் மாதிரிப் பார்த்துச் சொல்கிறாள், பெரும்பாலும் பிள்ளைகள் அப்படித்தான் தொடங்கும் என்றார். ஆனால் விசில் வீண் போகவில்லை. இன்று 'பல்லி'க்குப் பந்தை எடுத்தாள். மரம் எடுக்கவில்லை. நான் பார்த்தேன்.

பிறகு நான் கேட்டேன். மலைக்குக் கூட்டிப் போகட்டுமா என்று.

"நைட் டூட்டி இருக்கா உங்களுக்கு?"

"வாரத்துல ரெண்டு, மூணு வரும்."

"அந்த ராத்திரி பாப்பா?"

பக்கத்து க்வார்ட்டர்ஸ் என்றேன். சொல்லும்போதே எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

மிஸ் இவர் பக்கம் திரும்பினார். "தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கறது யாரு?"

"நான்தான் மிஸ்" என்றார், சின்னக் குரலில். "ஆனா எனக்கே சரியா வராது."

"அதனாலதான் உங்களுக்குக் கோவம் வராது. சேந்து கத்துக்குங்க. அவ தப்பு பண்றப்ப அது எங்க வழுக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். எங்களுக்குப் புஸ்தகத்துல படிச்சாதான் தெரியும்."

யாழி கீழேதான். வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்றாவது. சனிக்கிழமை மையம். தினமும் அப்பா.

சரிதான். சரி என்று தெரிகிறது. நர்சிங்கில் முதல் வகுப்பு, இங்கிலீஷ் பேப்பர் படிப்பேன், பெற்றது நான். என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க எழுத்துக் கூட்டுகிற ஆள்தான் தோதாம். வழியெல்லாம் நான் முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். இவர் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அதையும் யாழி குடித்துவிட்டாள்.

பொறாமைதான். வேறென்ன பெயர் இதற்கு?

மே 25, ஞாயிறு

காலையில் லேசாகத் தூறல், மண் வாசனையோடு சரி.

செய்தது: யாழிக்கு இரண்டு பாவாடை, மேல்சட்டை. பை. தண்ணீர் பாட்டில் (பச்சை வேண்டுமாம்). பேன் பார்த்தது. தலைமை டீச்சரை வீட்டிலேயே போய்ப் பார்த்து விவரம் சொன்னது, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். க்ளாஸ் டீச்சரிடமும் சொல்லி வைப்பதாகச் சொன்னார்.

சாப்பிட்டபின் அப்பாவும் பொண்ணும் தட்டில் ரவையைக் கொட்டி உட்கார்ந்தார்கள். சாந்தி அண்ணிக்கு ரவை வீணாகிறதென்று ஒரே கவலை. 'ப' ஒன்றுதான். பல்லி, பந்து, பழம் என்று சத்தம் போட்டுச் சொல்லிச் சொல்லி விரலால் போடுகிறார்கள். நான் கரண்டியோடு அடுப்படி வாசலில். நாக்கைக் கடித்துக்கொண்டு.

"அப்பா, உன்து கோணலா கீது."

"ஆமாண்டி. எங்க, நீ போடு."

"தோ, இப்டி."

"அட, எனக்குத் தெரியலையே. இன்னொரு வாட்டி போட்டுக் காட்டு."

பத்து தடவை போட்டுக் காட்டியிருப்பாள். நான் கேட்டிருந்தால் ரெண்டாவது தடவையே கட்டிலுக்கு அடியில். இவருக்கு நிஜமாகவே கோணல்தானா, இல்லை வேண்டுமென்று போடுகிறாரா என்று கேட்டேன். "பாதி பாதி" என்றார்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார் கலா மிஸ். டீச்சரிடம் அவளே சொல்ல ஒரு வாக்கியம் பழக்க வேண்டும். தெரியாதபோது பயந்து உட்காராமல், கூரையைப் பார்க்காமல், வாயைத் திறந்து சொல்ல. வாய்தான் எங்கள் வீட்டில் என் இலாகா. பின்னல் போட்டுக்கொண்டே பழக்கினேன்: "டீச்சர், எனக்கு எழுத்து மெதுவாத்தான் வரும். மெதுவா சொல்லிக் குடுங்க." அவள் என்னையே டீச்சராக்கிச் சொன்னாள். கடைசியில், "நீ திட்டற டீச்சரா, திட்டாத டீச்சரா?" என்று கேட்டாள்.

"திட்டாத டீச்சர்."

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நம்பியும் நம்பாமலும்.

வாரம் முழுக்க மெசேஜ் எழுதவில்லை. குரலில் பேசி அனுப்புகிறேன். பாறை மேல் நின்று தனியாகப் பேசுவதைப் பார்த்துக் கடுக்காய் பொறுக்குகிற பெண்கள் சிரிக்கிறார்கள். இவரும் பேசி அனுப்புகிறார். எட்டு வருஷத்தில் இவர் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. நேற்று வந்ததில் பாதி பஸ் சத்தம், பாதி, "நீ இல்லாத வூடு வூடா இல்ல மலரு, நான் சொல்லத் தெரியாம கெடந்தேன்" என்று. இன்னும் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன்.

ஜூன் 2, திங்கள். வெள்ளிமலை

காற்று. மழை வருகிற மாதிரிக் காட்டிவிட்டு வரவில்லை.

லீவு கேட்டேன். கூட இருக்கும் சிஸ்டர் பிரசவ லீவில் இருக்கிறாள், கிடைக்கவில்லை. விடியற்காலை பஸ் பிடிக்கக் கிளம்பும்போது யாழி தூங்கிக்கொண்டிருந்தாள். புது யூனிஃபார்ம் நாற்காலி மேல். நெற்றியில் முத்தம் கொடுத்தால் விழித்துக்கொள்வாள் என்று பாதத்தைத் தொட்டுவிட்டு வந்தேன்.

நாள் முழுக்கக் கடிகாரம். இப்போது பிரேயர். இப்போது பேர் கூப்பிடுவார்கள். இப்போது சாப்பாடு. ஊசி போட்டுக்கொள்ள வந்த கிழவர், "நர்சம்மா, இன்னா யாரையோ நெனச்சிக்கினு கீறீங்க, இந்தக் கைதான" என்றார். நல்லவேளை, சரியான கைதான்.

சாயங்கால பஸ். வளைவு திரும்பியது. முன் கண்ணாடியில் தலை இல்லை. தெரிந்ததுதானே, பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, இனிமேல் எப்படி வருவாள். தெரிந்தும் எட்டிப் பார்த்தேன்.

இவர் இறங்கி வந்து பெஞ்சில் உட்காரவேயில்லை. நின்றபடியே சொன்னார். மத்தியானம் ட்ரிப் முடிந்ததும் பள்ளிக்கூட வாசலுக்குப் போயிருக்கிறார். க்ளாஸ் டீச்சரே வெளியே வந்து பேசினாராம். காலையில் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டபோது, இவள் முறை வந்ததும் எழுந்து நின்றாளாம்.

"நாம சொல்லிக் குடுத்தத அப்படியே சொல்லிட்டா மலரு. 'டீச்சர், எனக்கு எழுத்து மெதுவாத்தான் வரும். மெதுவா சொல்லிக் குடுங்க'ன்னு. பயப்படவே இல்லயாம்."

"அப்புறம்?"

"அதோட வுட்டாளா? 'எங்கப்பாவுக்கும் மெதுவாத்தான் வரும். எங்கம்மா வேகம், ஆனா மலைல கீறாங்க. அவங்க எறங்கி வர்றதுக்குள்ள நாங்க கத்துக்கினு இருப்போம்'ன்னாளாம்."

அவர் சிரித்தார். நான் அழுதேன். டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். இருந்தால் இருக்கட்டும்.

கிளம்பும் முன் இவர் போர்டை மாற்றினார். மாட்டிவிட்டு, நின்று, விரலை வைத்து உதடு அசையக் கூட்டினார். கள். ளக். கு. றிச். சி. ஏழுமலை அண்ணன் அவசரப்படுத்தவில்லை. ஜனமும் காத்திருந்தது.

சட்டென்று க்வார்ட்டர்ஸுக்கு ஓடினேன். ஜன்னல் பக்கத்திலிருந்து அந்தச் சின்னத் தலையணையை எடுத்து வந்து முன் சீட்டில், யாழி உட்காரும் இடத்தில் வைத்தேன். இவர் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

ரெண்டு விசில்.